சோலாவின் குடிவழி மரமும் மரபணு இயலும்

பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் சோலா (1840–1902) எழுதிய ரூகோன்-மக்கார் வரிசை 1871ஆம் ஆண்டில் தொடங்கி 1893ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. நாவல்கள் இருபது, குடும்பம் ஒன்று, தலைமுறை ஐந்து. இரண்டாம் பேரரசுக் காலத்துக் குடும்பம் ஒன்றின் இயற்கை வரலாறும் சமுதாய வரலாறும் என்று ஆசிரியரே அவ்வரிசைக்குத் துணைப்பெயர் இட்டனர். சுரங்கம், சந்தை, இருப்புப்பாதை, பங்குச் சந்தை, போர்க்களம் எனச் சமுதாய வரலாற்றுப் பகுதியைப் போற்றிப் பேசுவார் பலர். இயற்கை வரலாற்றுப் பகுதி வரும்போது, அது பழைய விஞ்ஞானம் என்று ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுவர். அங்ஙனம் கடத்தல் ஆசிரியருக்குச் செய்யும் மதிப்புப்போலத் தோன்றினும், அவர் இருபத்தைந்து ஆண்டு விடாது பற்றியிருந்த ஒரு கருத்தைப் படியாமலே விடுவதாக முடிகின்றது.

அவருடைய மரபுக் கொள்கையில் பிழைபட்டது எது, அப்பிழை எந்நாவலைத் தாக்கிற்று, எந்நாவல் அதனின்று தப்பிற்று என்பனவே ஈண்டு ஆராயப்படும். கொள்கையை முன்னிறுத்தி எழுதிய இடங்களில் சோலா தளர்கின்றார். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஒவ்வாதிருத்தலைக் கண்ணாற் கண்டு எழுதிய இடங்களில் வெல்கின்றார் என்பது என் முடிபு.

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றிய எச்சரிக்கை வேண்டும். சோலாவைப் பயிலும் தமிழ் மாணவர் அவர் கூறும் மரபினை ஊழ் என்றே கொள்ளத் தலைப்படுவர். முதுகலை வகுப்பில் இவ்வினா ஆண்டுதோறும் எழுகின்றது. சிலப்பதிகாரத்தைப் பயின்று பழகியவர்க்கு அஃது இயல்பே. ஆயினும் இரண்டும் வேறு. ஊழ்க் கொள்கையில் வினை செய்தவனும் பயன் நுகர்பவனும் ஓருயிரே. பிறவி மட்டுமே மாறுகின்றது. சோலாவின் கொள்கையிலோ குடித்தவன் பாட்டன், கை நடுங்குபவன் பேரன். செய்யாத ஒருவன்மேல் செய்தவனது பயன் வந்து ஏறுகின்றது. ஊழைக் கேட்டு ஆறுதல் பெறுவாரும் உளர். இதனைக் கேட்டு ஆறுதல் பெறுதற்கு ஒன்றும் இல்லை. சோலாவின் மாந்தர் தம் முன்னோரை நொந்துகொள்ளும் குரல் நம் காப்பிய மாந்தரின் குரலினின்று வேறுபட்டு ஒலித்தற்குக் காரணம் இதுவே. மரபு என்னும் சொல்லும் நம்மிடையே நெடுவழி வந்த சொல். தொல்காப்பியர் மரபியலில் விலங்கு, பறவை முதலியவற்றின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர்களை வகுத்துரைக்கின்றார். அங்கு அது வழிவழி வந்த சொல்வழக்கைக் குறித்தது. இன்று மரபணு என வழங்கும் சொல்லில் உடல்வழி வருவதைக் குறிக்கின்றது. வழிவழி வருதல் என்ற பொதுமை மட்டுமே இவ்விரண்டிற்கும் உண்டு. விதி என்னும் பொருள் இரண்டிலும் இல்லை.

இனி, சோலாவின் குடிவழியைக் காண்போம். பிளாசான் என்னும் கற்பனை ஊரில் 1768ஆம் ஆண்டில் பிறந்த அடெலாயித் ஃபூக் என்பவளே குடும்பத்தின் மூதாய். நரம்புத் தளர்ச்சி உடையவள். அறிவில் ஒரு விரிசல் உடையவள் என்று ஆசிரியர் குறிப்பார். அவள் ரூகோன் என்னும் தோட்டக்காரனை மணந்து பியேரைப் பெற்றாள். கணவன் இறந்தபின் மக்கார் என்னும் கள்ளக்கடத்தற்காரனோடு கூடி அந்துவான், உர்சூல் என்னும் இருவரைப் பெற்றாள். மணவழியில் வந்தோர் ரூகோன்கள். மணமில்லா வழியில் வந்தோர் மக்கார்கள். உர்சூல் மணந்த கணவன் வழியில் வந்தோர் மூரேக்கள். அமைச்சன், மருத்துவன், வங்கியாளன், சலவைக்காரி, ஓவியன், சுரங்கத் தொழிலாளி, பாதிரியார், உழவன், பரத்தை எனப் பிரான்சு நாட்டின் எல்லாப் படிகளிலும் இவ்வொரு வேரின் கிளைகள் பரவுகின்றன.

இக்குடிவழியை வகுத்தற்குச் சோலா பெரிதும் நம்பியது புரோஸ்பேர் லூக்கா என்னும் மருத்துவர் 1847, 1850ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்ட மரபு பற்றிய பெருநூல். வரிசையைத் திட்டமிட்ட 1868, 1869ஆம் ஆண்டுகளில் சோலா அந்நூலினின்று விரிவாகக் குறிப்பெடுத்தனர். பிள்ளை பெற்றோருள் ஒருவரையே ஒத்திருப்பின் அது தேர்வு. இருவரையும் ஒத்திருப்பின் கலப்பு. கலப்பிலும் ஒட்டுக் கலப்பு, சிதறிய கலப்பு எனப் பிரிவுகள். பாட்டனை ஒத்திருப்பின் மீள்வரவு. எவரையும் ஒவ்வாதிருப்பின் புதுப்பிறப்பு. இவ்வகைப்பாட்டைக் கொண்டு சோலா ஒரு குடிவழி மரத்தை வரைந்து 1878ஆம் ஆண்டில் எட்டாம் நாவலோடு வெளியிட்டார். பின்னர்த் திருத்தி, 1893ஆம் ஆண்டில் இறுதி நாவலாகிய ‘மருத்துவர் பஸ்கால்’ என்பதனோடு மீண்டும் வெளியிட்டார். மரத்தின் ஒவ்வோர் இலையிலும் ஒருவர் பெயர், பிறந்த ஆண்டு, மேற்கூறிய வகைகளுள் அவர்க்குரிய வகை ஆகியன எழுதப்பட்டுள்ளன.

அம்மரத்தை முன்வைத்துக்கொண்டு படிப்பவர்க்கு ஓர் ஐயம் எழும். பிள்ளை தந்தையை ஒத்தாலும் ஒரு விதி உண்டு. தாயை ஒத்தாலும் ஒரு விதி உண்டு. இருவரையும் ஒத்தாலும் உண்டு. ஒருவரையும் ஒவ்வாவிடினும் உண்டு. எது நேரினும் அதற்கொரு பெயர் காத்திருக்குமானால், அப்பெயர் எதனை விளக்கிற்று? ‘கனவு’ (1888) என்னும் நாவலின் தலைவி ஆஞ்செலிக்கின் தந்தை யாரென்பதே கதையில் அறியப்படவில்லை. எனினும் அவள் பெற்றோரை ஒவ்வாத புதுப்பிறப்பு வகையிற் சேர்க்கப்பட்டுள்ளாள். முகம் அறியாத ஒருவனை அவள் ஒத்தாளோ ஒவ்வாளோ எவர் அறிவார்? இலக்கணத்தில் எல்லா வழூஉச் சொல்லையும் புறனடையால் அமைத்துக்கொள்ளும் உரைகாரரை நாம் அறிவோம். லூக்காவின் நூல் புறனடைகளாலே ஆன இலக்கணம் என்னத் தகும்.

இவ்வகைப்பாட்டினும் பெரும்பிழை சிலவற்றையும் சோலா அப்படியே ஏற்றுக்கொண்டார். மக்கார் கிளையிற் பிறந்த செர்வேஸ் ஒரு கால் சூம்பிப் பிறக்கின்றாள். தந்தை குடித்துத் தாயை அடித்த இரவில் அவள் கருவுற்றமையால், தாய் பட்ட அடியே மகளின் காலிற் படிந்தது என்பது ஆசிரியர் தரும் விளக்கம். பெற்றோர் உடலில் நேர்ந்த ஊறு பிள்ளைக்கு மரபாக இறங்கும் என்ற இந்நம்பிக்கையை, எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக அறுத்தும் குட்டிகள் வாலோடே பிறத்தலைக் காட்டி வைசுமன் 1880களின் இறுதியில் மறுத்தார். செர்வேசின் மகள் நானா கூப்போ என்பவனுக்குப் பிறந்தவள். ஆனால் அவள் முகச்சாயல் தாயின் முதற்காதலனாகிய லாந்தியேயை ஒத்திருந்தது என்று இறுதி நாவல் கூறுகின்றது. முதலிற் கூடியவனின் சுவடு பெண்ணுடலில் நிலைத்து நின்று, பின்னர் வேறொருவனுக்குப் பிறக்கும் பிள்ளையிலும் தோன்றும் என்பது அக்காலத்தார் கொள்கை. வரிக்குதிரை இனத்து ஆணோடு கூடிய பெண்குதிரை, பின்னர்க் குதிரையோடு கூடி ஈன்ற குட்டியிலும் கோடுகள் இருந்தன என்ற ஒரு பழஞ்செய்தியே இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டு வந்தது. ஸ்காட்லாந்தில் யூவர்ட் என்பவர் குதிரையையும் வரிக்குதிரையையும் கொண்டு ஆய்வு நடத்தி, 1899ஆம் ஆண்டளவில் இக்கொள்கையை வீழ்த்தினார். பெண்ணின் மேல் ஆடவர் வைத்த ஐயமே விஞ்ஞான உடை அணிந்து வந்தது எனினும் தகும். அதனைச் சோலா ஐயுறாமல் ஏற்றமை வியப்பே.

சோலா லூக்காவைப் படித்துக் குறிப்பெடுப்பதற்கு இரண்டாண்டு முன்னரே உண்மை அச்சேறிவிட்டது. மொரேவியாவின் புரூன் நகரத் துறவிமடத்தில் வாழ்ந்த கிரகோர் மெண்டல் எட்டாண்டுக் காலம் பட்டாணிச் செடிகளைப் பயிரிட்டுத் தாம் கண்டவற்றை 1865ஆம் ஆண்டில் அந்நகரக் கழகத்தில் இரு கூட்டங்களிற் படித்தார். கட்டுரை 1866ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாரிசில் அதனைப் பொருட்படுத்தினார் இல்லை. 1900ஆம் ஆண்டில் தெவ்ரீசு, கோரென்சு முதலியோர் அதன் அருமையை உணர்ந்து வெளிக்கொணர்ந்தபோது மெண்டல் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. சோலாவுக்கு எஞ்சிய வாழ்நாள் இரண்டே ஆண்டு. ஆதலின் மெண்டலை அறியாமைக்குச் சோலாவைக் குறைகூறல் ஆகாது.

மெண்டல் கண்டது யாது? உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதற்றலைமுறை விதைகள் அனைத்தும் உருண்டையாயின. அவற்றை முளைக்கவைத்துத் தம்முள்ளே கருவுறச் செய்தபோது 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. சுருக்கம் முதற்றலைமுறையில் அழிந்துபோகவில்லை, ஒடுங்கி மறைந்திருந்தது. பாதிச் சுருக்கம் என ஒன்று தோன்றவில்லை. நம் மக்கள், பிள்ளை தாயைப் போல்வதைச் சேலை நூலைப் போல்வதோடு ஒப்பிட்டுப் பழமொழி கூறுவர். அவ்வுவமையின் அருமை மெண்டலைப் படித்தபின் மிகுகின்றது. லூக்காவும் அவர் காலத்தவரும் மரபினைச் சாயங்கள் கலப்பதாக எண்ணினர். சிவப்பும் மஞ்சளும் கலந்தபின் இரண்டையும் மீளப் பிரித்தல் ஒல்லாது. பாவும் ஊடுமாக நெய்த நூலோ நெசவில் மறைந்து கிடப்பினும் நூலாகவே இருக்கும். பிரித்தெடுத்து மற்றொரு துணியில் நெய்யலாம். அந்நூலே பின்னர் மரபணு எனப் பெயர் பெற்றது. மெண்டலின் விதை சுருங்குதற்குக் காரணமும் 1990ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. மாப்பொருளைக் கிளைத்தெழச் செய்யும் நொதிக்குரிய மரபணுவினிடையே ஒரு துண்டு புகுந்து அதன் பாடத்தைக் கெடுத்துள்ளது. மாப்பொருள் குறைந்து, சர்க்கரையும் நீரும் மிக்க விதை காயும்போது சுருங்குகின்றது. ஏட்டில் ஓர் இடைச்செருகல் புகுந்து பொருள் கெடுவதைப் பதிப்பித்துப் பழகிய தமிழாசிரியர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டா.

இதனால் சோலாவின் வகைப்பாட்டிற்கு நேர்வது பெரிது. தேர்வு, கலப்பு, மீள்வரவு, புதுப்பிறப்பு என நால்வேறு விதிகள் வேண்டிய இடத்தில் ஒரு விதியே போதும். ஒவ்வொருவர் உடலிலும் குரோமோசோம்கள் இருபத்துமூன்று இணை. ஒவ்வோர் இணையினின்றும் ஒன்றே கருவணுவிற் சேரும். அத்துணையளவில் நின்றே கணக்கிடினும் ஒருவரிடம் தோன்றக்கூடிய கருவணு வகைகள் 83,88,608; இணைக் குரோமோசோம்கள் தம்முள் பகுதி மாற்றிக்கொள்வதையும் சேர்ப்பின் எண்ணிக்கை அளவிறந்து போகும். ஒத்திருத்தலும் ஒவ்வாதிருத்தலும் இவ்வொரு பகிர்வின் இரு விளைவுகள். பாட்டியின் மூக்கு பேர்த்தியிடம் தோன்றுதற்கும், எவரிடமும் இல்லாத ஒரு சேர்க்கை மகனிடம் தோன்றுதற்கும் தனித்தனி விதி வேண்டுவதில்லை.

நாவலாசிரியராகச் சோலா இதனை நன்கு கண்டவர். செர்வேசுக்கும் லாந்தியேக்கும் பிறந்த கிளோத் ஓவியத்தின்பால் பித்துக்கொண்டு தூக்கிட்டு மாய்கின்றான். அவன் தம்பி எத்தியேன் ‘செர்மினால்’ (1885) நாவலில் சுரங்கத் தொழிலாளரின் தலைவனாகின்றான். ஒரு குடிசை, ஒரு வறுமை, ஒரு தாய். இருவரும் இருவேறு மனிதர். இவ்வேறுபாடே அந்நாவல்களின் உயிர். கொள்கை இவ்வேறுபாட்டை விளக்க முற்படும்போதுதான் தொல்லை நேர்கின்றது. ‘மனித விலங்கு’ (1890) எழுதும் காலத்தில் கொலைவெறியைப் பிறப்பிலே உடைய ஒருவன் ஆசிரியர்க்கு வேண்டியிருந்தான். எத்தியேனை அதற்குக் கொள்ளக் கருதியிருந்தார். ஆனால் ‘செர்மினால்’ படித்தவர் உள்ளத்தில் அவன் வேறொருவனாக நின்றுவிட்டான். ஆகவே செர்வேசுக்கு ஜாக் என்னும் மூன்றாம் மகன் ஒருவன் புதிதாகப் படைக்கப்பட்டான். ‘லசொமுவார்’ (1877) நாவலில் அவள் பாரிசுக்கு அழைத்துவந்த பிள்ளைகள் இருவரே. 1878ஆம் ஆண்டு மரத்திலும் ஜாக் இல்லை. மரம் கதையைப் பிறப்பிக்கவில்லை; கதையின் தேவைக்கேற்ப மரத்திற் கிளை ஒட்டப்பட்டது. ஜாக்கின் உள்ளத்தைச் சோலா காட்டும் இடங்கள், முன்னோர் குடித்த குடி தன் குருதியில் நஞ்சாயிற்று என்று அவன் திரும்பத் திரும்ப எண்ணும் இடங்கள், அந்நாவலின் நலிந்த இடங்கள். இருப்புப்பாதையும் பனியிற் சிக்கிய எஞ்சினும் வரும் இடங்களில் அந்நலிவு இல்லை.

‘பிளாசானை வெல்லல்’ (1874) என்னும் நாவல் தமிழர் ஊன்றிப் பயிலத்தக்கது. அதில் வரும் மார்த், பியேரின் மகள். அவள் கணவன் பிரான்சுவா, உர்சூலின் மகன். நம் முறைப்படி கூறின் மார்த் மணந்தது அத்தை மகனை. கணவன் மனைவி இருவரும் முகத்தில் ஒருவரை ஒருவர் ஒத்திருந்தனர். இருவரிடமும் மூதாய் அடெலாயிதின் சாயல் இருந்தது என்று சோலா எழுதுகின்றார். இஃது அவருடைய கூர்த்த நோக்கு. இன்றைய மரபணு இயல் இதற்கு அளவு கூறும். பியேரும் உர்சூலும் தாயால் மட்டுமே உடன்பிறந்தார் ஆதலின், இத்தம்பதியர் பிள்ளை ஒன்றிடம் பாட்டியின் ஒரே மரபணு தாய்வழியும் தந்தைவழியும் வந்து இரட்டையாகச் சேர்தற்கு வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்று. நம் நாட்டில் நிகழும் முழு அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் அது பதினாறில் ஒன்று. தாய்மாமன் மணத்தில் எட்டில் ஒன்று. ஒடுங்கிக் கிடந்த குறை வெளிப்படுதல் அத்தகைய இரட்டைச் சேர்க்கையினாலேயே பெரிதும் நேர்கின்றது. குறை இல்லாவிடின் வெளிப்படுவதும் ஒன்றில்லை. மார்த்தின் பிள்ளைகள் மூவர். ஒக்தாவ் பெருவணிகனாகின்றான், செர்சு பாதிரியாராகின்றான், தெசிரே உடல் வளர்ந்தும் குழந்தையறிவோடே நின்று, கோழிகளோடும் ஆடுகளோடும் மகிழ்ந்து வாழ்கின்றாள். இம்மூவரையும் வகைப்பெயரிட்டு விளக்கும் மரத்தைக் காட்டிலும், மூவரும் ஒரு வீட்டில் ஓடி விளையாடும் இயல்களே மரபினை மெய்யாகக் காட்டுகின்றன.

இனி, சோலாவின் பெருங்காட்சிகளுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘மருத்துவர் பஸ்கால்’ நாவலில், 1873ஆம் ஆண்டில், பித்தர் விடுதியில் நூற்றைந்து வயது மூதாய் அசையாது அமர்ந்திருக்கின்றாள். அவள் எதிரே பதினைந்து வயது சார்ல், காகிதத்தில் வெட்டிய அரசர் உருவங்களோடு விளையாடியபடி உறங்கிப்போகின்றான். அவன் அவளுக்கு எள்ளுப்பேரன். மூக்கினின்று குருதி துளித்துளியாக வடிகின்றது, நிற்கவில்லை. மூதாய் காண்கின்றாள், எழவோ அழைக்கவோ ஆற்றாள். சிறுவன் ஓசையின்றி இறக்கின்றான். குடும்பத்தின் வேரும் நுனியும் ஒரே அறையில், ஒரே முகத்தோடு. (இதே நாவலில் அந்துவான் மக்கார் உடலில் ஊறிய சாராயத்தால் தானே தீப்பற்றி எரிந்து சாம்பலாகின்றான். அதனை ஆராயாமல் விடுதலே ஆசிரியர்க்குச் செய்யும் உதவி.)

சிறு ஊறு பட்டாலும் சார்லுக்குக் குருதி பெருகும். இழைநெகிழ்ந்த உடம்பு என்று ஆசிரியர் காரணம் கூறுவார். குலம் தேய்ந்ததன் அடையாளமாக அதனை மூதாயிடத்தினின்றே வருவிப்பார். இதனை நாம் அறிந்த குருதி உறையாமை நோய் என்று கொள்வோமாயின், மரம் ஆசிரியரையே மறுக்கின்றது. அந்நோய்க்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. மகன் தந்தையினின்று எக்ஸ் குரோமோசோமைப் பெறான், தாயினின்றே பெறுவான். அடெலாயித், பியேர், அரிஸ்தீது, மாக்சீம், சார்ல் என இறங்கும் வழியில் மூதாயின் எக்ஸ் பியேரோடு நின்றுவிடுகின்றது. அரிஸ்தீது பெற்றது தன் தாய் பெலிசித்தேயின் எக்ஸ். மாக்சீம் பெற்றது தன் தாயினுடையது. சார்ல் பெற்றதோ மாக்சீம் ஏமாற்றிய வேலைக்காரப் பெண்ணினுடையது. அவன் குருதியில் வந்த குறை, மரத்திற்குப் புறம்பான அப்பெண்ணின் வழியே வந்திருத்தல் வேண்டும். குரோமோசோம் பற்றிய அறிவு பிற்காலத்தது என்பது உண்மையே. ஆயினும் இந்நோய் ஆடவரைத் தாக்கும், பெண்வழி இறங்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஓட்டோ 1803ஆம் ஆண்டிலும், செருமானிய மருத்துவர் நாசே 1820ஆம் ஆண்டிலும் எழுதியிருந்தனர். குருதி பெருகும் வேறு நோய்களும் உள; அவற்றுட் சில தந்தைவழியும் இறங்கும். அவற்றுள் ஒன்றாகக் கொள்ளின், இடையிலுள்ள மூவரிடமும் அதன் அடையாளம் ஒன்றையேனும் ஆசிரியர் காட்டியிருக்க வேண்டும்; காட்டினார் அல்லர். நான்கு தலைமுறை கடந்த வழித்தோன்றலிடம் மூதாயின் மரபணுப் பங்கு சராசரியாகப் பதினாறில் ஒன்றே எஞ்சும். மீதி பதினைந்து பங்கும் மணந்தும் மணவாதும் அக்குடும்பத்துள் வந்தவர்கள் கொணர்ந்தவை.

அக்குடும்பத்துள் வந்தவர்கள் என்ற இச்செய்தியே மரத்தின் பெருங்குறையைக் காட்டுகின்றது. சோலாவின் மரத்திற்கு வேர் ஒன்றே. மெய்யான குடிவழிக்கு வேர்கள் ஒவ்வொரு தலைமுறைக்கும் இரட்டிக்கும். சார்லுக்கு அடெலாயித் நிலையிலுள்ள மூதாதையர் பதினாறு பேர். அவருள் பதினால்வர் கதையில் கணக்கிற்கே வாராதவர்.

இக்குறை தீண்டாத நாவல் ‘லசொமுவார்’. அதன் பெருங்குடியன் கூப்போ மக்கார் குருதியினன் அல்லன் என்பதைப் படிப்போர் பலர் மறந்துவிடுகின்றனர். கூரைத் தகடு வேய்வோனாகிய அவன் தந்தை குடித்திருந்தபோது கூரையினின்று விழுந்து மாண்டான். அவ்வச்சத்தால் மகன் சாராயத்தைத் தொடாமல் வாழ்ந்தான். தெளிந்த அறிவோடு வேலை செய்துகொண்டிருந்த ஒருநாள், கீழே நின்ற சிறுமகள் அழைக்கத் திரும்பியபோது அவனும் விழுந்தான். கால் முறிந்தது, மாதக்கணக்காக வேலை இல்லை, சேமித்த பணம் கரைந்தது, உழைப்பின்மேல் வெறுப்புப் பிறந்தது, பின்னரே குடி வந்தது. செர்வேசும் கணவன் வீழ்ந்தபின், கடை கைவிட்டபின், பழைய காதலன் வீட்டுள் வந்து தங்கியபின்னரே குடிக்கத் தொடங்குகின்றாள். அவள் வீழ்ச்சிக்கு வாடகை, கூலி, கடன் ஆகியன ஒவ்வொன்றும் காரணமாக எண்ணிக் காட்டப்படுகின்றன. அந்துவானின் குருதியை நினைவூட்ட வேண்டிய தேவையே ஆசிரியர்க்கு எழவில்லை. குடிக்கு அடிமையாவதில் மக்களிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபணு வேறுபாட்டைச் சார்ந்தது என்று இரட்டையரை ஆராய்ந்தோர் இன்று கூறுவர். அஃது ஒரு மக்கள் தொகுதியின் வேறுபாட்டைப் பற்றிய கூற்று. செர்வேஸ் என்னும் ஒருத்தியின் வாழ்வில் எது எவ்வளவு என்று அது கூறாது. அதனைக் கூறுதற்கு அவள் வாழ்ந்த தெருவை எழுத வேண்டும். சோலா அத்தெருவை எழுதினார்.

இவ்வாராய்ச்சி வெறும் நூற்பிழை காணும் முயற்சியன்று. ஒரு வேரினின்று கேடு முழுதும் இறங்கும் என்னும் கதையைச் சோலா மட்டும் எழுதவில்லை. ‘லசொமுவார்’ நூல்வடிவில் வெளிவந்த அதே 1877ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தக்டேல் என்பார் ‘சூக்குகள்’ என்ற புனைபெயரிட்ட குடும்பம் ஒன்றின் குற்ற வரலாற்றை வெளியிட்டார். 1912ஆம் ஆண்டில் காடார்டு என்பார் ‘கல்லிக்காக்கு’ குடும்பத்தைப் பற்றி எழுதினார். ஓர் ஆடவன், மணவழியில் ஒரு நல்ல குலம், மதுக்கடைப் பெண்வழியில் ஒரு தீய குலம். ரூகோன், மக்கார் என்ற பிளவே அங்கும் மீண்டது. பெண்ணே தீக்குருதியின் வாயில் என்ற ஐயமும் மீண்டது. ஆனால் அதற்கு நாவல் என்று பெயரில்லை. விஞ்ஞானம் என்று பெயர். குறையறிவினர் எனப்பட்டாரை மலடாக்கும் சட்டம் இந்தியானா மாநிலத்தில் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. 1927ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தாய், மகள், பேர்த்தி என மூன்று தலைமுறையைச் சான்றாகக் கொண்டு, கேரி பக்கு என்னும் இளம்பெண்ணை மலடாக்க ஒப்புதல் அளித்தது. கைக்குழந்தையாய் இருந்தபோதே குறையறிவினள் என்று முத்திரை இடப்பட்ட அப்பேர்த்தி பின்னர்ப் பள்ளியில் நன்மாணவியர் பட்டியலில் இடம்பெற்றாள். 1933ஆம் ஆண்டில் செருமனியில் இயற்றிய சட்டம் இலட்சக்கணக்கானோரை அறுவைக்கு உட்படுத்தியது. குடிவழி மரத்தை ஐயுறாமல் நம்பியதன் விலை இது.

சோலாவை இவர்களோடு ஒருங்கு வைத்தல் முறையன்று என்பதற்கு அவருடைய இறுதி நாவலே சான்று. அதில் மரத்தை வரைபவன் மருத்துவன் பஸ்கால். அவனும் ரூகோன் குடும்பத்தவன். டார்வின், கால்டன், எக்கல், வைசுமன் ஆகியோர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டு, எதனிலும் முற்றும் நில்லாது அலைகின்றான். தான் அக்குடும்பத்தைச் சேர்ந்தவனே அல்லன் என்று மகிழ்கின்றான். பின்னர்த் தானும் முன்னோர்வழிப் பித்தனாவேனோ என்று அஞ்சி இரவெல்லாம் மரத்தை ஆராய்ந்து, தனக்குரிய நோயைத் தேடுகின்றான். நலமாயிருந்தவனை நோயாளியாக்கியது குருதியன்று, அவன் வரைந்த மரமே என்பது அவ்வியலைப் படிப்பார்க்குப் புலனாகும். கொள்கையின் தலைவனையே அக்கொள்கையால் வாட வைத்துக் காட்டும் துணிவு காடார்டின் நூலில் இல்லை.

பஸ்கால் தன் தம்பி மகள் கிளோத்தில்துவோடு வாழ்கின்றான். நம்மவர் இதனைக் கேட்டு முகஞ்சுளிப்பர். தாய்மாமன் மணத்தை ஏற்கும் நாம் பெரிய தந்தையை ஏலோம். பிரெஞ்சுச் சட்டமும் தனி இசைவின்றி இரண்டையும் ஒருங்கே விலக்கியது. மரபணுக் கணக்கில் இரண்டும் எட்டில் ஒன்றே. வேற்றுமை நம் உறவுமுறையில் உள்ளது. பஸ்கால் இறந்தவுடன் அவன் தாய் பெலிசித்தே, குடும்ப மானம் காத்தற்பொருட்டு, அவன் முப்பதாண்டு தொகுத்த குறிப்பேடுகளை எல்லாம் அடுப்பிலிட்டு எரிக்கின்றாள். மரம் மட்டும் தப்புகின்றது. இறக்கும் நாளில் பஸ்கால் தன் இறப்பையும் கிளோத்தில்துவின் வயிற்றில் வளரும் குழந்தையையும் அதிற் பதிந்திருந்தான். 1893ஆம் ஆண்டு மரத்தில், ஏனையோர் இலைகளில் தேர்வு என்றும் கலப்பு என்றும் எழுதியிருக்க, 1874ஆம் ஆண்டிற் பிறக்கவிருக்கும் அக்குழந்தையின் இலையில் வகைப்பெயர் இல்லை. எத்தகையதாகுமோ என்னும் வினா ஒன்றே உள்ளது. நாவலின் இறுதியில் அது பிறந்து, தாயின் மடியிற் பால் பருகிக்கொண்டிருக்கின்றது. இலையை நிரப்பும் இருபத்தோராம் நாவலைச் சோலா எழுதவில்லை.